முழுக்க வெள்ளையில் குயில்ட் தைக்கலாமா? நெல்லைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்க

குறுக்குத்துறை:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரை கலர் துண்டுகளை வைத்துத்தான் குயில்ட் (மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை) தைத்திருக்கிறேன். இப்போது அண்ணன் மகள் சென்னையில் தனிக்குடித்தனம் போகிறாள். அவளுக்கு முழுக்க வெள்ளையில் ஒன்று வேண்டுமாம். கூடப்போனால் க்ரீம், சந்தனம், காடாக் கலர் (வெளுக்காத பருத்தித் துணியின் நிறம்). பூ, கட்டம், கோடு எதுவும் கூடாது. அளவு 60க்கு 90 அங்குலம்.

கையில் இருப்பவை: அப்பாவின் பழைய வேட்டிகள் ஒரு கட்டு, கொஞ்சம் காடாத் துணி, ஒரு பாப்ளின் பீஸ், சித்தி கொடுத்த லேஸ் துண்டுகள். எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தால் ஒன்று நீலம் தட்டுகிறது, ஒன்று மஞ்சள் தட்டுகிறது. துவைத்த துணிக்கு நடுவில் துவைக்காததைப் போட்ட மாதிரி இருக்கிறது.

ஒரே வெள்ளையாகக் கடையில் வாங்கிவிடுவதா, இருப்பதைக் கலந்து தைப்பதா? உள்ளே என்ன வைக்கலாம்? நம்ம ஊர்த் தண்ணிக்கு வெள்ளை நிற்குமா? அத்தை வேறு "கல்யாணமான பிள்ளைக்கு வெள்ளையையா கொடுப்பாங்க?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள்.

சென்னைவாசி:
வெள்ளை கம்ஃபர்ட்டர் ஆன்லைனில் ரெடிமேடாகவே வருதே. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

குறுக்குத்துறை:
தைக்கத்தானே தம்பி இந்தக் குழுவில் இருக்கிறோம்.

ஊசிமுனை:
கலந்தே தையுங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கலர் குயில்ட்டில் வடிவத்தைக் காட்டுவது நிறம். வெள்ளையில் அந்த வேலையை நிழல்தான் செய்ய வேண்டும். துணி மேடு பள்ளமாக இருக்கிற இடத்தில் ஒரு பக்கம் வெளிச்சம் விழும், மறுபக்கம் லேசாக இருட்டும். உங்களுக்குக் கிடைக்கிற கலர் அவ்வளவுதான். அதனால் துண்டு வெட்டி இணைக்கிற டிசைனை எளிமையாக வைத்துக்கொண்டு, மிச்சப்படும் நேரத்தை மேலே ஓட்டுகிற தையலுக்குக் கொடுங்கள். சிக்கலான நட்சத்திர டிசைனை எல்லாம் வெள்ளையில் வெட்டித் தைத்தால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு வெறும் போர்வைதான்.

நீலம், மஞ்சள் விவகாரத்துக்கு வருகிறேன். இரண்டே இரண்டு வெள்ளையை வைத்தால் ஏதோ துணி பற்றாமல் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். நான்கைந்து வெள்ளை இருந்து, அவை குயில்ட் முழுக்கச் சிதறிக் கிடந்தால் வேண்டுமென்றே செய்தது என்று யாருக்கும் புரியும். மஞ்சள் தட்டிய துண்டு ஒரு மூலையில் மட்டும் இருக்கக் கூடாது. அங்கொன்று இங்கொன்றாக எல்லாப் பக்கமும் வர வேண்டும். பரப்பி வைத்துவிட்டு போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணை உறுத்திய வித்தியாசத்தில் பாதி அதில் காணாமல் போயிருக்கும். எது மிச்சம் நிற்கிறதோ அதை நம்பி டிசைன் போடலாம்.

அப்புறம் தையல் மடிப்பு. வேட்டி மெல்லிசு. கால் அங்குல மடிப்பு பின்னால் இருந்தால் மேலே நிழல் கோடாகத் தெரியும். வெட்டிவிட்ட ஒரு கருப்பு நூல் துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் அதுவும் தெரியும், பிரித்தால்தான் போகும். வேட்டித் துண்டுகளை இரட்டையாக வைத்து வெட்டுங்கள். மடிப்பை ஒரு பக்கம் சாய்க்காமல் இரண்டு பக்கமும் விரித்துத் தேயுங்கள். மெஷினில் உட்காரும் முன் பாபின், ஊசி, பலகை எல்லாவற்றையும் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு, வேண்டாத துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். கால் மெஷின் என்றால் இது ரொம்ப முக்கியம்.

வடக்கு_ரதவீதி:
மைனி, துணிக்கடையில் நின்றே தலை நரைத்தவன் சொல்கிறேன். வெள்ளைத் துணியைக் கடைக்குள் வைத்துப் பார்த்து வாங்காதீங்க. எல்இடி வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தால் ஒன்று பளீரென்று நீலமாக அடிக்கும், இன்னொன்று மோர் நிறத்தில் நிற்கும். பகலில் வாங்க, துணியை வெளியே எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்க. எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்க, டவுனில் ரத வீதி நாலும் துணிக்கடைதான்.

காசு எண்ணுகிற இடத்தில் நோட்டைச் சோதிக்க ஊதா டார்ச் ஒன்று வைத்திருப்பார்கள். அதை இருட்டில் வெள்ளைத் துணி மேல் அடித்துப் பாருங்க, வேடிக்கையாக இருக்கும்.

பாபநாசம்_மில்:
அண்ணாச்சி சொன்னதற்குக் காரணத்தை நான் சொல்கிறேன். விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் 1880களில் தாமிரபரணித் தண்ணியின் வேகத்தை நம்பி வந்தது. எங்கள் குடும்பமே அந்தச் சங்குச் சத்தத்தில் வளர்ந்தது, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி பிறவியிலேயே பளீர் வெள்ளை கிடையாது. லேசான க்ரீம். நூலாக்கி, பாவுக்கு (நீளவாக்கில் ஓடும் நூலுக்கு) கஞ்சி ஏற்றி, நெய்து தறியிலிருந்து இறங்குவது காடா. அதில் கஞ்சி, பருத்தியின் மெழுகு, கொட்டைத் தூசி எல்லாம் இருக்கும். பழுப்புப் புள்ளிகள் தெரிகிறதே, அவை கொட்டைத் தோலின் துணுக்குகள். காடாவைக் காரத்தில் வேகவைத்தால் மெழுகு போகும். பிளீச் செய்தால் நிறம் போகும். அதற்கு மேலும் பளீரிட வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாயம் ஏற்றுவார்கள். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரை அது உள்வாங்கி நீல வெளிச்சமாக வெளியே விடும். மஞ்சளோடு நீலம் சேரும்போது கண்ணுக்கு வெள்ளையாகப் படும். எல்இடி விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை, அதனால் அந்தச் சாயம் கடைக்குள் தூங்கும், தெருவில் விழித்துக்கொள்ளும்.

நம்ம பக்கத்து வெள்ளாவியும் இதில் பாதி வேலைதான். உவர்மண் கரைசலில் முக்கி, இரவெல்லாம் ஆவியில் வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் காய வைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடா. மில்லில் காஸ்டிக் சோடா போட்டு வேகவைப்பதும், ஆற்றங்கரையில் பானை வைத்து ஆவி கட்டுவதும் வேதியியலில் ஒரே குடும்பம்.

குறுக்குத்துறை:
டார்ச் வாங்கி அடித்துப் பார்த்துவிட்டேன்! பாப்ளின் நீலமாக எரிகிறது. காடா இருண்டு கிடக்கிறது. வேட்டிகளில் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அப்பா அடிக்கடி கட்டியவை நன்றாக எரிகின்றன, பெட்டியில் கிடந்தவை மங்கல்.

பாபநாசம்_மில்:
சோப்புத் தூள்தான் காரணம். நிறைய சோப்புத் தூளில் அந்தச் சாயத்தைக் கலந்தே விற்கிறார்கள். ஒவ்வொரு துவையலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் ஏறும்.

ஊசிமுனை:
இதைத்தான் சொல்ல வந்தேன், மில்காரர் வழி போட்டுக் கொடுத்துவிட்டார். காடாவும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் இன்றைக்கு அழகாக இருக்கும். சாதாரண சோப்புத் தூளில் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தால் காடா வெளுத்துக்கொண்டே வரும். க்ரீம் என்று நம்பி வைத்த இடம் எல்லாம் வெள்ளையோடு சேர்ந்துவிடும். நிற வித்தியாசத்தை மட்டும் நம்பிப் போட்ட டிசைன் அத்தோடு முடிந்தது.

நெசவை நம்பிப் போட்டது போகாது. காடாவின் சொரசொரப்பு, பாப்ளினின் வழவழப்பு, வாயில் துணியின் மெல்லிசு, கட்டம் போட்ட டாபி, துண்டில் வருகிற சின்னக் குழிகள், சட்டையில் வைக்கிற பின்டக் என்ற மெல்லிய மடிப்பு, இவை எல்லாம் எத்தனை துவையலுக்கும் அப்படியே இருக்கும். அதனால் துணி பொறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். தொட்டால் வேறாகத் தெரிகிற இரண்டு துணியைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். பாப்ளினில் மெர்சரைஸ் செய்தது (காரத்தில் முக்கிப் பளபளப்பேற்றியது) என்றால் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே துணியில் வெட்டிய இரண்டு முக்கோணத்தை, ஒன்றைப் பாவு வாக்கிலும் மற்றதை ஊடை (குறுக்கு நூல்) வாக்கிலும் வைத்தால் பளபளப்பு மாறித் தெரியும். ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

காடாவின் க்ரீம் நிறம் கண்டிப்பாக நிற்க வேண்டும் என்றால் பூவந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணியில் அலசுங்கள், நிழலில் காயப்போடுங்கள். சென்னைப் பிள்ளை செய்வாளா என்பது வேறு விஷயம்.

கரிசல்காடு:
கோவில்பட்டிப் பக்கம் இருந்து. உள்ளே வைப்பது பற்றி யாரும் பேசவில்லை. இலவம் பஞ்சு மட்டும் வேண்டாம். மெத்தைக்கும் தலையணைக்கும் அது ராஜா, ஆனால் இழை வழுக்கும், தையலில் பிடிபடாது, துவைத்தால் கட்டி தட்டும், நாளாக ஆகப் பொடியும்.

எங்கள் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பஞ்சு கிடைத்தால் யோகம். நாட்டுப் பருத்தி, மானாவாரியில் வரும், இழை குட்டை, சொரசொரப்பு. மெல்லிய நூலுக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். போர்வைக்கு உள்ளே வைக்க அந்தக் குணம்தான் வேண்டும், இழை ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் தளர்வான பஞ்சு எதுவாக இருந்தாலும் தையல் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் விடக் கூடாது. விட்டால் முதல் துவையலிலேயே பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அந்தக் காலத்துப் போர்வைகளில் தையல் நெருக்கமாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

வெள்ளைக்கு இன்னொரு தொல்லை: கொட்டைத் துணுக்கு உள்ள பஞ்சை வைத்தால் மேல்துணி வழியாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும், நனைந்தால் அதன் எண்ணெய்க் கறையும் ஏறலாம். வெளுத்த பஞ்சுதான் வேண்டும்.

சென்னைவாசி:
கடையில் பாலியஸ்டர் ஷீட் மீட்டர் கணக்கில் விற்கிறார்களே, அதை வைத்தால் என்ன?

கரிசல்காடு:
வைக்கலாம், பளீர் வெள்ளை, லேசு, சீக்கிரம் காயும். நெல்லை வெயிலுக்கு அதைப் போர்த்திக்கொண்டு கிட என்று சொன்னால் அதைத் தண்டனை என்பேன். ஏசி அறைக்கு ஓகே.

ஊசிமுனை:
எனக்குப் பிடித்த வழி நடுவில் பழைய சோலாப்பூர் போர்வை, வெளிர் நிறத்தில். அல்லது சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. ராஜபாளையம் பக்கத்தில் ஊர் முழுக்க அதுதான் நெய்கிறார்கள். கட்டுப்போடுகிற காஸ் துணியை நான்கைந்து மடிப்பு போட்டு நடுவில் வைத்தால் காற்றோட்டமாக இருக்கும், துவைத்த பிறகு சுருங்கிச் சுருங்கி மேலே அழகான நொறுங்கல் வரும். அந்த நொறுங்கல்தான் வெள்ளையில் நிழலைக் கொடுக்கும். குற்றாலச் சாரலுக்கும் மார்கழிப் பனிக்கும் இந்தக் கனம் போதும்.

சாரல்:
தென்காசிக்காரி, இப்போது இருப்பது லண்டனில். இங்கே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் சிசிலித் தீவில் செய்த குயில்ட் ஒன்று இருக்கிறது. 1360க்கும் 1400க்கும் நடுவில் செய்ததாகச் சொல்கிறார்கள். உலகத்தில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய குயில்ட்களில் அதுவும் ஒன்று. அது வெள்ளைதான்! சாயம் போடாத லினன் இரண்டு அடுக்கு, நடுவில் பஞ்சு. டிரிஸ்டன் என்ற வீரனின் கதையைப் படம் படமாகத் தைத்திருக்கிறார்கள், ராஜா, குதிரை, கப்பல் எல்லாம் உண்டு. உருவத்துக்குள் கூடுதலாகப் பஞ்சை அடைத்துப் புடைக்க வைத்திருப்பதால்தான் தெரிகிறது. ஊசிமுனை அக்கா சொன்ன நிழல் கணக்கு அறுநூறு வருஷத்துக்கு முந்தியே இருந்திருக்கிறது.

குறுக்குத்துறை:
அந்தப் புடைப்பு எப்படி வருகிறது? மேலே பஞ்சு வைத்துத் தைத்ததா?

சாரல்:
பொதுவாகப் பின்பக்கம் வழியாகத்தான். பின்துணி தளர்ந்த நெசவாக இருக்கும். உருவத்தின் ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட்டு, பின்னால் இழைகளை ஊசியால் விலக்கி, பஞ்சைத் துளித்துளியாகத் திணித்து, இழையைத் திரும்பச் சேர்த்துவிடுவது. பிரான்சில் மார்செய் பக்கம் நீளமான குழாய் குழாயாகத் தைத்து, உள்ளே நூல் கயிற்றை ஓட்டுவார்கள். அதை ஜன்னல் முன் பிடித்தால் கயிறு ஓடுகிற இடம் இருட்டாகவும் மற்ற இடம் வெளிச்சமாகவும் தெரியும். பேண்டேஜ் துணி பின்னால் இருந்தால் இதெல்லாம் சுலபம்.

சிக்குக்கோலம்:
நான் அம்பாசமுத்திரம் பக்கம், கணக்கு டீச்சர். இவ்வளவு நேரம் யாரும் கோலத்தைச் சொல்லவில்லையே! வெள்ளையில் கோடு மட்டும் வைத்து வரைவதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

சிக்குக்கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு போகும். சில கோலத்தைக் கை எடுக்காமல் ஒரே கோட்டில் முடிக்கலாம், சிலவற்றில் தனித்தனிக் கோடுகள் பின்னிக் கிடக்கும். தைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரே கோடு என்றால் நூலை அறுக்காமல், முடிச்சு போடாமல் ஒரு கட்டத்தை முடித்துவிடலாம். எது ஒரே கோட்டில் வரும் என்று கண்டுபிடிக்கச் சின்னக் கணக்கு இருக்கிறது. நேர்ப்புள்ளியை நீள்சதுரமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போகும்படி போட்டால், வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கோடு வரும். 4 வரிசை 5 புள்ளி என்றால் ஒன்று. 4க்கு 6 என்றால் இரண்டு. 5க்கு 5 என்றால் ஐந்து தனித்தனிக் கோடு! அதனால் சதுரமாக வைக்காதீர்கள், ஒரு புள்ளி கூடவோ குறைத்தோ வையுங்கள். நடுவில் எங்காவது கோட்டை வெட்டவிடாமல் திருப்பினால் இந்தக் கணக்கு மாறிவிடும், அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலம் விட்டால் கோடுகள் ஒன்றுக்கொன்று ஒன்றரை அங்குலத்துக்குள் வந்துவிடும். கரிசல்காடு அண்ணாச்சி கேட்ட நெருக்கம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஊசிமுனை:
டீச்சர், இதை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்! நான் இதுவரை கம்பிக்கோலத்தை, அதாவது இந்தச் சிக்குக்கோலத்தை, உத்தேசமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

குறுக்குத்துறை:
கோலம் முடிவாகிவிட்டது. ஆனால் வெள்ளைத் துணியில் எதை வைத்து வரைவது? சாக்பீஸ் தெரியாது, பென்சில் போகாது.

ஊசிமுனை:
தண்ணீரில் அழியும் நீலப் பேனா வரும். அதில் ஒரு கண்டிஷன்: அழிக்கும் வரை இஸ்திரிப் பெட்டி கிட்டவே போகக் கூடாது, சோப்பும் படக் கூடாது. சூடு பட்டால் கோடு பழுப்பாகி நின்றுவிடும். முதலில் வெறும் பச்சைத் தண்ணியில் முழுசாக முக்கி எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். சூட்டில் மறைகிற பேனாவும் வருகிறது, ஆனால் கடுங்குளிரில் கோடு திரும்பி வரும். நமக்குக் குளிர் இல்லை என்றாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எனக்கு இஷ்டமானது மையே இல்லாத வழி. காகிதத்தில் கோலத்தைக் கருப்பாகப் போட்டு, கண்ணாடி மேஜைக்கு அடியில் விளக்கு வைத்து, மேலே துணியை விரித்தால் கோடு அப்படியே தெரியும். வெள்ளைத் துணியில் மட்டும்தான் இந்தச் சலுகை. முனை மழுங்கிய கத்தியையோ ஸ்பூன் காம்பையோ வைத்து அழுத்தி இழுத்தால் மடிப்புத் தடம் விழும். தைத்து முடிக்கும் வரை நிற்கும், அழிக்க வேண்டியதும் இல்லை. ஒரு நாளைக்குத் தைக்கிற அளவு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

தேரிமணல்:
திசையன்விளைப் பக்கம். இங்கே காற்றடிக்கிற மாசத்தில் வெள்ளையைக் கொடியில் போட்டால் சாயங்காலம் செம்மண் கலரில் எடுக்கலாம், நியூட்ரல் கலர் இலவசம். தண்ணி விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுத் தண்ணி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். போர் தண்ணிக்காரர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சில போரில் இரும்பு கரைந்திருக்கும். அந்தத் தண்ணியில் வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரைப் போட்டால் இரும்பு துருவாக மாறித் துணியிலேயே படியும். வெளுக்கப் போய் மஞ்சளாகும். போதாததற்கு நூலும் இற்றுப்போகும். சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத பிளீச்) வகையைச் சூடு தண்ணியில் கரைத்து ஊறவைப்பது நல்லது, கடைசி அலசலுக்கு மழைத்தண்ணியோ கேன் தண்ணியோ. குண்டூசித் துரு பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வையுங்கள்.

லேஸ் துண்டு என்றீர்களே, எந்த லேஸ்? இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா அம்மா பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக் கொடுத்தது எங்கள் பக்கத்தில் பழைய கதை. அந்த மாதிரி பருத்தி லேஸ் என்றால் பத்திரம், அதை வெட்டாமல் முழுசாக வையுங்கள். நைலான் லேஸ் என்றால் குயில்ட்டில் வேண்டாம், பருத்திக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரி போட்டால் உருகிவிடும்.

பெரியவர்கள் வெள்ளை வேண்டாம் என்கிறார்களே, அதுவும் எனக்குப் புதுசு. எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணப் பொண்ணுக்கே வெள்ளைச் சேலைதான். நாசரேத், மெஞ்ஞானபுரம், பாளை எங்கே போனாலும் பார்க்கலாம்.

குறுக்குத்துறை:
உங்கள் வீட்டில் சரி. அத்தை காலத்தில் வெள்ளைச் சேலை என்றால் வேறு அர்த்தம். அதை நான் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது.

வடக்கு_ரதவீதி:
புதுத்துணிக்கு மூலையில் மஞ்சள் வைக்கிற வழக்கம் எதற்கு இருக்கிறது? குயில்ட்டை முடித்ததும் நாலு மூலையிலும் துளி மஞ்சள் வையுங்க, அத்தை கையாலேயே வைக்கச் சொல்லுங்க. கொடுக்கிறபோது மங்கலம்.

பாபநாசம்_மில்:
அது போவதும் சுலபம். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. சோப்பு போட்டதும் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும். அலசி வெயிலில் போடுங்கள், வெளிறிவிடும்.

ஊசிமுனை:
பிறந்த பிள்ளைக்கு முதலில் சுற்றுவதே தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டிதானே. தூளி கட்டுவதும் அதில்தான். வெள்ளை ஆகாது என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது என்று அத்தையிடம் பதமாகச் சொல்லிப் பாருங்கள். நாளைக்கு அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் குயில்ட்டைத் தரையில் விரித்து மேலே கிடத்தலாம். ஒரு வயசு ஆகும் வரை தூங்கும்போது போர்த்திவிட மட்டும் வேண்டாம், டாக்டர்கள் மூச்சு முட்டும் என்பார்கள்.

குறுக்குத்துறை:
அத்தை சிரித்துவிட்டார்கள். மஞ்சள் வைக்கச் சம்மதம். ஆனால் உள்ளே எங்காவது ஒரு சிவப்பு இழையாவது இருக்க வேண்டுமாம். பின்பக்கம் என் பெயரையும் வருஷத்தையும் சிவப்பு நூலில் போடலாம் என்று இருக்கிறேன்.

ஊசிமுனை:
சிவப்பு நூலைத் தண்ணியில் ஊறவைத்து, வெள்ளைத் துணி மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். சாயம் இறங்குகிற நூல் என்றால் மொத்தமும் ரோஸ் கலர் ஆகிவிடும். பெயரைத் தனி வெள்ளைத் துண்டில் போட்டு, துவைத்து, அதன் பிறகு பின்பக்கம் ஒட்டித் தையுங்கள்.

சென்னைவாசி:
க்ரீமுக்கும் அடுத்த ஷேடு வேண்டும் என்றால் டீத்தூளில் முக்கலாமா? வீடியோவில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கரிசல்காடு:
தம்பி தைக்க ஆரம்பித்தாச்சு போல. கடுக்காய் முயற்சி பண்ணுங்க. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தூளாக்கி ஊறவைத்த தண்ணியில் துணியை முக்கினால் வெளிர் சந்தன நிறம் வரும். அந்தத் தண்ணியில் இரும்புச் சட்டி மட்டும் சேரக் கூடாது. சேர்ந்தால் சாம்பல் கருப்பாகும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடுக்காயும் இரும்பும் சேர்ந்த துணி காலப்போக்கில் அந்த இடத்தில் மட்டும் இற்றுக் கிழியும்.

வடக்கு_ரதவீதி:
துணிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 36 அங்குல அகலக் காடா என்றால் பின்பக்கத்துக்கு இரண்டு அகலம் சேர்க்க வேண்டும், 5 மீட்டர் எடுங்க. மேல்பக்கத்துக்குக் காடா எவ்வளவு கலக்கிறீர்களோ அது தனி. ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். வெட்டுவதற்கு முன்னால் காடாவை ஒரு ராத்திரி பச்சைத் தண்ணியில் ஊறப்போட்டு, மறுநாள் துணிச்சோடா போட்டுக் கொதிக்க வைத்து அலசுங்க. கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். சுருங்காத காடாவைச் சுருங்கிய வேட்டியோடு சேர்த்துத் தைத்தால் முதல் துவையலில் ஒன்று இழுக்கும், ஒன்று தொங்கும்.

ஊசிமுனை:
வேட்டியை வெட்டுவதற்கு முன் ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடம் வெளிச்சமாகத் தெரியும், அதைக் கழித்துவிடுங்கள்.

எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாமல் வையுங்கள், கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வேட்டியில் சுற்றினால் போதும். மர அலமாரியில் நேரடியாகப் பட்டால் நாளாவட்டத்தில் பழுப்புக் கோடு விழும். அவ்வப்போது மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும்.

சிக்குக்கோலம்:
ஒரு சந்தேகம். நம்ம வீட்டில் எல்லாரும் தலையில் தேங்காய் எண்ணெய். வெள்ளைக் குயில்ட்டின் தலைமாட்டுப் பக்கம் என்ன ஆகும்?

ஊசிமுனை:
அதற்கும் வழி இருக்கிறது. தலைமாட்டு ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு மேலும் கீழும் மடங்குகிற மாதிரி தனியாக ஒரு பட்டி தைத்து, பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். அழுக்கானால் அதை மட்டும் பிரித்துத் துவைத்து மறுபடி மாட்டலாம், மொத்தக் குயில்ட்டையும் நனைக்க வேண்டாம். இரண்டு பட்டி தைத்துக் கொடுத்தால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வாள்.

குறுக்குத்துறை:
பட்டிக்கு வேட்டியைக் கரையோடு எடுக்கலாமா? கலர் வேண்டாம் என்றாள், ஆனால் கழற்றுகிற பட்டிதானே.

ஊசிமுனை:
தாராளமாக. என்ன கரை?

குறுக்குத்துறை:
மயில்கண்.

வடக்கு_ரதவீதி:
அதைக் கிழிக்கப் போகிறேன் என்று என் காதுபடச் சொல்லாதீங்க மைனி. முடிந்ததும் போட்டோ மட்டும் இங்கே போடுங்க.